கரண்டு மோட்டாரும் நாற்பதுக்கு நாற்பதும்

2004 மே 13இல் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 இடங்களும் புதுச்சேரியின் ஓர் இடமும் தி.மு.க. அணிக்குப் போயின. ஐந்தாம் நாள், மே 18, முதலமைச்சர் ஜெயலலிதா மூன்று ஆண்டுகளாகத் தன் அரசு எடுத்த முடிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் பெற்றார். மதமாற்றத் தடைச் சட்டம் போனது. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் போயின. வசதியுள்ளவர்களுக்கு ரேஷன் அரிசியை நிறுத்திய அட்டை முறை போனது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் மறுபடியும் வந்தது.

அன்றிலிருந்து ஒரு கதை நிலைத்துவிட்டது: இலவசக் கரண்டைத் தொட்டார், தோற்றார். கட்சி அலுவலகத்தில், மின்வாரிய அதிகாரிகளின் கூட்டத்தில், டெல்லியிலிருந்து வரும் ஆலோசகர்களின் காகிதத்தில், டீக்கடையில் எங்கே கேட்டாலும் இதுதான். நிலத்தடி நீர் பற்றியோ நிலக்கரிப் புகை பற்றியோ கருத்தரங்கில் யாராவது வாய் திறந்தால், கடைசி வரிசையிலிருந்து ஒருவர் "2004 மறந்து போச்சா?" என்பார். அதோடு பேச்சு முடியும்.

எனக்கு வேலையே தேர்தல் படிப்பு. யார் யாருக்கு ஏன் ஓட்டுப் போட்டார்கள் என்று படிவத்தோடு வீடு வீடாகப் போவதும், பிறகு மாதக்கணக்கில் அந்தத் தாள்களோடு மல்லுக்கட்டுவதும். சில ஆண்டுகளாகக் காலநிலைக் கொள்கையும் அதோடு சேர்ந்துகொண்டது. பிறந்ததோ அவிநாசிக்கும் பெருமாநல்லூருக்கும் நடுவில், கிணற்றுத் தண்ணீரை நம்பிய ஒரு தோட்டத்தில். ஆகவே 2004 கதையை நான் இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். அது பாதிதான் உண்மை. ஆனால் அந்தப் பாதிக்கதைதான் இருபது ஆண்டுகளாக நம் தண்ணீரின் தலைவிதியை எழுதிக்கொண்டிருக்கிறது.

கொங்கு நாட்டில் ஆறுகள் உண்டு, ஆனால் பெரும்பாலான தோட்டங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் எட்டாது. கிணறுதான் கதி. எங்கள் அப்பாரு காலத்தில் கவலை கட்டித்தான் இறைப்பு. இரண்டு ஜோடி மாடு, வடம், தோல் வைத்த சால், விடியற்காலை மூன்று மணிக்கே எழும்பும் உருளைச் சத்தம். ஒரு நாள் முழுக்க இறைத்தாலும் பாயும் வயல் கொஞ்சம்தான். கிணற்றின் ஆழத்துக்கு எல்லை வைத்தது மாட்டின் மூச்சு.

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஆலைகளுக்காக வந்த கம்பிதான் அது. கோவையில் பஞ்சாலைகள் பெருகியதற்கு அதுவே பெரிய காரணம். 1937இல் மேட்டூர் மின்சாரமும் வந்தது. அதே 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் கோவையிலேயே மின் மோட்டார் செய்துகாட்டினார்கள். மின்சாரம் ஒரு பக்கம், மோட்டார் பட்டறை இன்னொரு பக்கம், நடுவில் வறண்ட கிணறுகள். கம்பி தோட்டத்துக்குள் நுழையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். 1957இல் மின்சார வாரியம் அமைந்தபின் காமராஜர் ஆட்சியில் கம்பம் நடும் வேலை ஓட்டமாக நடந்தது. அறுபதுகளில் நாட்டிலேயே அதிகமான மின் பம்புசெட்டுகள் சென்னை மாநிலத்தில்தான். உபரி மின்சாரத்துக்கு வாங்குவோர் வேண்டும் என்று வாரியமே விவசாயியைத் தேடி வந்த காலம் அது. வங்கியும் கூட்டுறவும் கடன் கொடுத்தன. மாட்டை விற்றுவிட்டு மோட்டார் வைத்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. மாட்டுக்குத் தீனி வீட்டுத் தோட்டத்தில் விளையும், மோட்டாருக்குத் தீனி அரசாங்கத்திடம் இருக்கிறது. அதன் விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் சென்னையில். விவசாயி முதன்முறையாக, மாதாமாதம், யூனிட் கணக்கில் அரசாங்கத்தோடு பிணைக்கப்பட்டான். அந்தப் பிணைப்பு எங்கே இறுகுமோ அங்கேதான் அரசியல் பிறக்கும்.

1970இல் இறுகியது. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வு. இன்று கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஒரு பைசாவுக்கா என்று. ஆனால் அந்தக் காலத்துத் தோட்டக் கணக்கில் பருத்தி விலையும் புகையிலை விலையும் விழுந்து கிடந்தபோது, கடன் தவணை கழுத்தில் நின்றபோது, அந்தப் பைசாதான் எல்லாவற்றுக்கும் பெயரானது. பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் விவசாயிகள் மூன்று பேர் செத்தார்கள். 1972 ஜூலையில் போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. கோவை வீதிகளில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி நகரத்தையே அடைத்தார்கள். பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு. ஜூலை 5 இன்றைக்கும் உழவர் தியாகிகள் நாள். கருணாநிதி ஆட்சியில் நடந்தது இது. பின்னால் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விவசாயிகள் மீது துப்பாக்கி நீண்டது. எந்தக் கட்சியும் இந்தக் கணக்கில் கை சுத்தமில்லை.

இதற்கெல்லாம் தலைமை தாங்கியவர் கோவை வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு. 1973இல் தமிழக விவசாயிகள் சங்கம். ஊருக்கு ஊர் பச்சைத் துண்டு. எங்கள் பெரியப்பா ஒருவர், கோவிலுக்குப் போனாலும் அந்தத் துண்டோடுதான் போவார். சங்கத்தைக் கேட்காமல் ஜப்திக்காரர் ஊருக்குள் வரக்கூடாது என்று பலகை வைத்திருந்ததை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரிடம் நான் ஒருமுறை, "நீங்க இலவசமாக் கேட்டீங்களா பெரியப்பா?" என்றேன். சட்டென்று கோபம் வந்துவிட்டது. "இனாம் ஆருங்கண்ணு கேட்டா? கட்டற மாதிரி ரேட்டுப் போடுன்னோம். வெளைஞ்சதுக்கு வெலை குடுன்னோம்."

இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பழைய கோரிக்கைகளைப் புரட்டிப் பார்த்தால் முன்னணியில் நிற்பவை கட்டணக் குறைப்பு, கடன் நிவாரணம், கட்டுப்படியான விலை. மூன்றில் விலைதான் பெரிய விஷயம், அரசுக்கு அதுதான் செலவான விஷயமும்கூட. கரண்டு அதைவிட மலிவு. விலையைக் கொடுக்காத அரசுகள் கரண்டைக் கொடுத்தன.

கொடுத்தது இரண்டு தவணையில். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவசமாக்கியது. 1989இல் திரும்ப வந்த கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்குமாக விரித்தது, 1990இல் அது நடைமுறையானது. இந்த இரண்டின் தேர்தல் பலனையும் யாராவது ஒழுங்காகப் பார்த்திருந்தால் 2004 கதை பிறந்தே இருக்காது. 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். அமோகமாக ஜெயித்தார். ஆனால் அப்போது அவர் புரூக்ளின் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார், இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காங்கிரஸ் கூட்டணி வேறு. அந்த வெற்றியில் கரண்டின் பங்கைப் பிரித்தெடுக்க எந்தத் தராசும் கிடையாது. நாராயணசாமி நாயுடு 1982இல் தனிக்கட்சி கண்டு, அதே 1984 தேர்தல் பிரச்சாரத்தில் கோவில்பட்டியில் மாரடைப்பால் இறந்தார். ஊரையே திரட்டிய மனிதரால் ஓட்டைத் திரட்ட முடியவில்லை. சரி, 1990இல் எல்லாருக்கும் கொடுத்த கருணாநிதி? 1991 ஜூனில், ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் நடந்த தேர்தலில், தி.மு.க. கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டது. கொடுத்தவர் தோற்றதை மட்டும் யாரும் பாடமாகச் சொல்வதில்லை.

2003க்கு வருவோம். கஜானா காலி என்று சொல்லிக்கொண்டு வந்த ஜெயலலிதா அரசு, மோட்டாரின் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டது. சிறு விவசாயிகளுக்கு அதற்கு ஈடாகப் பணம் தருவதாகவும் சொன்னது. இன்றைக்கு நேரடிப் பணப் பரிமாற்றம் என்று பெருமையாகப் பேசுகிறார்களே, ஏறக்குறைய அதுதான். வறட்சி ஆண்டில் போட்டார்கள். கிணற்றில் தண்ணீரே இல்லாதவனுக்கு மோட்டார் கட்டணம். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு வந்த நாளில் அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து ஸ்டார்டர் பெட்டிக்குள்ளேயே வைத்தார். சர்வீஸ் நம்பர் அப்பாரு பெயரில் இருந்தது. அவர் இறந்து பல ஆண்டுகள். பங்காளிகள் நான்கு பேருக்குப் பொதுவான கிணறு, முறை வைத்துத் தண்ணீர் ஓட்டுவார்கள். இறந்தவர் பெயரில் வந்த கட்டணத்தை யார் கட்டுவது, ஈடாக வரும் பணம் யார் கைக்குப் போவது? பாதி மாவட்டத்தில் இதே கதைதான்.

கோபம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம்தான் 39 தொகுதிகளையும் சாய்த்ததா?

2001 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. அணி 196 இடங்களைப் பிடித்தது. அந்த அணியில் த.மா.கா., காங்கிரஸ், பா.ம.க., இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாம் இருந்தன. 2004இல் அத்தனை பேரும் தி.மு.க. பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், கூடவே ம.தி.மு.க.வும். ஜெயலலிதாவோடு பா.ஜ.க. மட்டும். தி.மு.க. அணிக்கு ஏறத்தாழ 57 விழுக்காடு, எதிரணிக்கு 35. இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்க மின்சாரம் வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் போதும். அதோடு 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களை ஒரே அடியாக நீக்கிய சம்பவம். ஓர் ஊழியர் என்றால் ஒரு குடும்பம், ஒரு தெரு. கிணறே இல்லாத சென்னைத் தொகுதிகளிலும் அதே தோல்விதான். மோட்டார் இல்லாதவன் எந்தக் கரண்டுக்காகக் கோபப்பட்டான்?

ஒரு தொழில் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் "மின் கட்டணம் உங்களைப் பாதித்ததா?" என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு "ஏன் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டால், பாதிப் பேர் மின் கட்டணத்தைச் சொல்வார்கள். வரிசையை மாற்றிக் கேளுங்கள். கூட்டணி, வேட்பாளர், எங்க வீட்டில் எப்போதும் இதுதான், அந்தம்மா யாரையும் மதிக்கலை என்று வரும். கரண்டு ஐந்தாவது ஆறாவதாக வரும், வராமலும் போகும். சேவூர்ப் பக்கம் ஒரு பெரியவர் என் படிவத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஏனம்மிணி, கரண்டுக்கா ஓட்டுப் போட்டோம்? அப்பறம் கரண்டு குடுத்தவுங்களுக்கே எப்பவும் போட்டிருக்கோணுமில்ல?" அரசியல் அறிவியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தருவதை அவர் திண்ணையில் முடித்துவிட்டார்.

தோற்றவர் தோல்விக்குக் காரணம் தேடும்போது, தன்னால் மாற்ற முடிகிற காரணத்தைத்தான் எடுத்துக்கொள்வார். போன கூட்டாளிகளை ஐந்து நாளில் திருப்பிக் கூட்டிவர முடியாது. ஓர் அரசாணையை ஐந்து நாளில் ரத்து செய்யலாம். இது ஜெயலலிதாவோடு தொடங்கியதுமில்லை. 1979இல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு வைத்தார். 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கைகோத்திருந்தது வெளிப்படையான காரணம். ஆனால் எம்.ஜி.ஆர். வரம்பை நீக்கினார், அதற்கு மேல் ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 விழுக்காடாகவும் உயர்த்தினார். நல்ல விளைவா கெட்ட விளைவா என்பது வேறு வழக்கு. முடிவை எடுக்க வைத்தது வாக்காளரின் மனம் என்பதைவிட, வாக்காளர் மனம் இதுதான் என்று தலைவர் படித்துக்கொண்டது.

2004 மே மாதம் இந்தப் படிப்புக்கு இன்னொரு சாட்சியும் கிடைத்தது. மே 14இல் ஆந்திராவில் பதவியேற்ற ராஜசேகர ரெட்டி, விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தரும் கோப்பில் அன்றே கையெழுத்திட்டார். இலவச மின்சாரத்தை எதிர்த்துவந்த சந்திரபாபு நாயுடு 294இல் 47 இடங்களோடு வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்தடுத்த இரண்டு மாநிலங்கள், ஒரே வாரம். டெல்லிப் பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? அங்கும் தொடர் வறட்சி, தெலங்கானா கூட்டணி எல்லாம் இருந்தன என்பது அடிக்குறிப்பாகிப்போனது.

யாரும் பேசாத மாநிலம் மகாராஷ்டிரம். 2004 தேர்தலுக்கு முன் காங்கிரஸ் கூட்டணி அரசு அங்கே விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் அறிவித்தது. ஜெயித்தது. 2005இல் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்திவிட்டது. 2009இல் அதே கூட்டணி மறுபடியும் ஜெயித்தது. தமிழ்நாட்டிலேயே இன்னொன்று: 2011இல் தி.மு.க. தோற்றதற்கு மின்வெட்டுதான் காரணம் என்றார்கள். 2012இல் மின்வெட்டு அதைவிட மோசமானது. மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்டு இல்லை, கோவைப் பட்டறைகள் கதவடைத்தன. 2014இல் அ.தி.மு.க. 39இல் 37.

இவ்வளவு சொன்ன பிறகும் 2004 கதை சாகாது. கதை பொய்யாகவே இருந்தாலும் அதை நம்பி எடுத்த முடிவுகள் நிஜம், அவற்றின் தடம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது.

மீட்டர் போன பிறகு ஒரு மோட்டார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. வாரியம் மதிப்பீடு சொல்கிறது, அந்த மதிப்பீட்டுக்குள் கம்பியில் கசிவதும் திருட்டும் சேர்ந்து ஒளிந்துகொள்கின்றன. கரண்டு இலவசம், ஆனால் முறை வைத்துத்தான் வரும். மும்முனை மின்சாரம் நடு ராத்திரியில் வந்தால் டார்ச் லைட்டோடு, பாம்புக்குப் பயந்துகொண்டு வரப்பில் நடக்க வேண்டும். கெப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸிலேயே ஓட்டி மோட்டார் காயில் கருகும். அதைச் சுற்றிக் கட்டும் கூலி விவசாயிக்கு மின் கட்டணத்தைவிடப் பெரிய செலவு. இலவசம் என்ற பெயரில் அவன் வேறு வழியில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

கிணற்றின் ஆழத்துக்கு மாடு வைத்திருந்த எல்லையை மோட்டார் எடுத்துவிட்டது. முதலில் கிணற்றுக்குள் சைடு போர். பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். இந்தியா முழுக்கப் போய்த் துளை போடும் அந்த வண்டிகள் எங்கள் ஊருக்கு முதலில் வந்தன. இருநூறு அடி, ஐந்நூறு அடி, ஆயிரம் அடி. தண்ணீர் கொஞ்சமாகக் கசியும் போருக்குக் கம்ப்ரஸர். ஐந்து குதிரைத்திறன் பதினைந்தானது. அதை ஓட்டும் மின்சாரத்தின் பெரும்பகுதி தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் வடசென்னையிலும் நிலக்கரி எரித்து வந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தபோது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை மரங்கள் மொட்டையாக நின்றன. அந்த மழை பொய்த்ததற்கும் நிலக்கரிப் புகைக்கும் நேர்க்கோடு போட நான் துணியமாட்டேன். ஆனால் மழை நம்ப முடியாததாக ஆகும் காலத்தில், நிலத்துக்கு அடியில் இருந்த சேமிப்பையும் முன்கூட்டியே எடுத்துத் தீர்த்திருந்தோம்.

மின்சாரக் கட்டணத்தோடு அதே 2003இல் இன்னொன்றும் வந்தது, நிலத்தடி நீர்ச் சட்டம். கிணறு தோண்ட அனுமதி, பதிவு, கட்டுப்பாடு என்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. பத்தாண்டு அலமாரியில் கிடந்தது. 2013இல் ரத்து. இதை ரத்து செய்ததற்காக யாரும் ஜெயிக்கவில்லை, கொண்டுவந்ததற்காக யாரும் தோற்கவில்லை. 2004 கதையின் நிழல் விழுந்ததே போதுமானதாக இருந்தது. 2020இல் மின்சாரச் சட்டத் திருத்த மசோதா வந்தபோது இலவச மின்சாரத்துக்குப் பாதிப்பு என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அடுத்து வந்த மு.க. ஸ்டாலின் அரசு 2021இல் ஒரு லட்சம் புதிய இலவச இணைப்புகளை அறிவித்தது. எந்தப் பக்கமும் மாற்றுக் கருத்து கிடையாது.

இப்போது பேச்சு சூரிய மோட்டாருக்கு வந்திருக்கிறது. மானியம் தருகிறார்கள். நிலக்கரிக் கணக்கில் லாபம், ராத்திரி வரப்பில் நடக்க வேண்டியதில்லை, விவசாயிக்கு அது பெரிய விடுதலை. ஆனால் நான் போகும் ஊர்களில் முதல் கேள்வி, "இதை வாங்கினா இலவச லைன்ல நம்ம சீனியாரிட்டி போயிருமுங்களா?" இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே கேட்டுப் பார்த்தேன்: வெயில் அடிக்கும் நேரமெல்லாம் மோட்டார் ஓடினால் போர் எத்தனை வருடம் தாங்கும்? "அத்திக்கடவுத் தண்ணி வந்திருச்சில்ல" என்றார்கள். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது உண்மைதான். குளங்கள் நிறைந்தால் கிணறும் ஊறும். பவானியில் உபரி ஓடும் ஆண்டுகளில்.

எங்கள் ஆய்வுக் குழுவின் புதிய படிவத்தில் "உங்கள் போர் எத்தனை அடி?" என்று ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம். ஒரு தேர்தலிலிருந்து அடுத்த தேர்தலுக்கு அந்த எண் எப்படி மாறுகிறது, ஓட்டோடு அதற்கு ஏதாவது உறவு உண்டா என்று பார்க்கும் ஆசை. அதை ஓட்டுக் கேள்விக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதில் எனக்கும் என் மாணவர்களுக்கும் இன்னும் வாக்குவாதம் தீரவில்லை. பின்னால்தான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.